பாலைவனத்து வட்டமும் மூன்றாம் ஓலையும்

ஹலோ... ஹலோ, யாரு, ஜெனிவீவா? ... நான் அண்ணன் பேசறேன் மார்சிலிங் வீட்டுலேர்ந்து... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். உன் வீட்டுக்காரர் எங்க? ... குளிக்கிறாரா? பத்து மணிக்குக் கூப்பிட்டப்பவும் குளிச்சாரு. பதினொண்ணுக்கும் குளிச்சாரு. இப்ப மணி ஒண்ணு. மனுஷனா, மீனா? ... நீ சமாதானம் சொல்லாதம்மா. கதவைத் தட்டு. அண்ணன் லைன்லயே நிக்கிறாருன்னு சொல்லு... ஆமா, நிக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கிறேன்...

...

ஹலோ. வணக்கம் மாப்பிள்ளை... தோத்திரம், தோத்திரம். குளிச்சு முடிச்சாச்சா? ... சந்தோஷம். தலையைத் துவட்டிக்கிட்டு ஒரு நாற்காலியில உக்காருங்க... இல்ல, நீங்க பேச வேணாம். முதல்ல நான் பேசி முடிச்சுடறேன்... சொல்றேன்ல, அப்புறம் பேசலாம்.

என் தங்கச்சியைக் கட்டினவரு நீங்க. வயசுல எனக்கு எட்டு வருஷம் சின்னவரு. ஆனா முப்பத்தி நாலு வருஷத்துல உங்களை ஒரு தடவை நான் 'நீ'ன்னு சொன்னதுண்டா? ... இல்லைல்ல? இன்னைக்கும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். மேல் பல்லு கட்டினது வேற. ஜாஸ்தி கடிக்க முடியாது.

நீங்க போட்ட வீடியோவைப் பத்தித்தான். வேற எதைப் பத்தி? ... 'பாலைவனத்தில் வானத்தின் முத்திரை.' ஆமா, பார்த்தேன். பதினாலு நிமிஷம், முழுசாப் பார்த்தேன்... நல்லா வந்திருக்கான்னு என்கிட்ட கேக்கறீங்களா? ... பின்னாடி அந்த மணிச் சத்தம் யாரு போட்டது? ... கம்ப்யூட்டரே போட்டுச்சா. சரி, அதுக்காவது கொஞ்சம் பக்தி இருக்கு.

காலையில தேக்கா மார்க்கெட்டுக்குப் போறேன். ஆட்டுக்கறி வெட்டற ரஃபீக் இருக்கானே, கத்தியைக் கையில வச்சுக்கிட்டே கேக்கறான், 'அங்கிள், உங்க வருங்கால மருமகன் நிக்கற வட்டத்துல வானத்துலேர்ந்து என்னமோ எறங்குமாமே, எப்போ?'ன்னு. நான் கேட்டது அரைக் கிலோ. அவன் அண்ணாந்து பார்த்துக்கிட்டே ஒரு கிலோ வெட்டிட்டான்... சிரிக்காதீங்க. அந்தக் கறி இன்னும் ஐஸ்பெட்டியில கிடக்குது. சமைக்க இந்த வீட்டுல யாருக்கும் மனசு இல்ல.

ஏன்னா, மாப்பிள்ளை, கறி வாங்கி நான் வீட்டுக்குள்ள காலை வைக்கிறேன், செங்காங்லேர்ந்து போன். சம்பந்தியம்மா... ஆமா, பிலோமினம்மாளேதான். என் ரெனீயைக் கட்டிக்கப் போற டாரியஸோட அம்மா. என்னைச் சம்பந்தின்னுகூடக் கூப்பிடல. 'மிஸ்டர் சிலுவைராஜ்'ங்கறாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நிச்சயம் ஆனதுலேர்ந்து இந்த ஏழு மாசத்துல அந்த வாயிலேர்ந்து மிஸ்டர் வந்ததே இல்ல.

டாரியஸை நேத்து அவன் ஆபீசர் கூப்பிட்டு விசாரிச்சிருக்காரு. விமானப் படையில அவனை அந்தப் பாலைவனத்துக்கு அனுப்பினது விமானத்தைப் பழுது பாக்க. நீங்க சொல்ற மாதிரி முத்திரைக்குக் காவல் காக்க இல்ல. அங்க படமே எடுக்கக்கூடாது. இவன் வட்டத்துல நின்னிருக்கான், கூட்டாளி ஒருத்தன் எடுத்துக் குடுத்திருக்கான். சின்ன வயசு, கட்டிக்கப் போற பொண்ணுக்கு அனுப்பணும்னு ஆசை. தப்புத்தான். அதுக்கு என்ன தண்டனையோ வாங்கிக்குவான். ஆனா அதை ஊர் பூரா விட்டது யாருன்னு திங்கட்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்... வேலைக்கே ஆபத்து, மாப்பிள்ளை. வெளையாட்டு இல்ல.

இருங்க, இன்னும் முடிக்கல. நாளைக்கு ஞாயிறு. என்ன ஞாயிறு? ... ம். மூணாவது ஓலை. 'டாரியஸுக்கும் ரெனீக்கும் திருமணம், தடை தெரிஞ்சவங்க பங்குச் சாமியாரிடம் சொல்லவும்'னு ரெண்டு வாரம் பூசையில வாசிச்சாச்சு. நானும் முன் வரிசையில நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்திருந்தேன், எவனுக்காவது தடை தெரியுமான்னு. ஒருத்தனுக்கும் தெரியல. இப்ப அந்தம்மா சொல்றாங்க, 'இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது தீரலேன்னா, மூணாவது ஓலையை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட நானே சொல்லிடுவேன்'னு... ஆமா. அப்படியே சொன்னாங்க.

நம்ம குடும்பத்துல ஒரு பொண்ணோட ஓலை பாதியில நின்னதா சரித்திரம் கிடையாது. குடிகாரனுக்குக் கட்டிக் குடுத்தோம், அப்பக்கூட மூணு ஓலையும் ஒழுங்கா வாசிச்சாங்க... உங்களைச் சொல்லல. நீங்கதான் அப்பவே விட்டுட்டீங்களே.

என்னது? ... உண்மை வெளிய வரும்போது சோதனை வருமா? ... மாப்பிள்ளை, இது சோதனை இல்ல. இது நீங்க.

சரி, வாங்க, உங்க உண்மைக்கே வருவோம். டாரியஸ் நின்ன எடத்தை நீங்க தேடிப் பிடிச்ச சாட்டிலைட் படத்துல ஒரு வட்டம். சுத்தி நம்பர். மூணுன்னு போட்டிருக்கு. மூணுன்னா? ... திரித்துவம். பன்னெண்டு? ... அப்போஸ்தலர். பதினஞ்சு? ... ஓகோ, பழைய ஜெபமாலைத் தேவ ரகசியம். இருபத்தி நாலு, திருவெளிப்பாட்டு மூப்பர். இருபத்தி ஏழு, புதிய ஏற்பாட்டுப் புத்தகம். முப்பது, யூதாஸ் வாங்கின வெள்ளிக்காசு. முப்பத்தி மூணு, ஆண்டவர் சிலுவையில மரிச்ச வயசு. எல்லாம் ஒழுங்கா எண்ணி வச்சிருக்கீங்க.

பதினெட்டு? ... பதினெட்டுக்கு என்ன? ... வீடியோவுல அங்க மட்டும் மணி அடிச்சுது, நீங்க ஒண்ணும் சொல்லல. ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்... இன்னும் ஆராய்ச்சி நடக்குதா? பாவம், பதினெட்டு மட்டும் புறஜாதி போல.

கேளுங்க. நான் விமானப் படை பேஸ்ல முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல. என் பொண்டாட்டி, அவ ஆத்துமா இளைப்பாறட்டும், கடைசிவரைக்கும் நான் புல் வெட்டற சூப்பர்வைசர்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தா. அப்படி வாயைக் கட்டினவன் நான். ஆனா இந்த வட்டம் இருக்கே, இது ரகசியமே கிடையாது. எல்லா நாட்டுலயும் விமானம் நிக்கற எடத்துல இருக்கும். விமானத்துக்குள்ள திசைகாட்டி இருக்கு. அது வடக்கை வடக்குன்னு காட்டுதான்னு சரிபாக்கணும்ல? விமானத்தை இழுத்துட்டுப் போய் வட்டத்து நடுவுல நிறுத்துவாங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் நேரா மூக்கைத் திருப்பித் திருப்பி வச்சுப் பாப்பாங்க. வட்டத்துக்கு முந்நூத்தி அறுபது டிகிரி. முந்நூத்தி முப்பதுன்னு பெருசா எழுத எடம் இல்லாம, கடைசிச் சைபரை விட்டுட்டு முப்பத்தி மூணுன்னு எழுதுவாங்க. அவ்வளவுதான். ஆண்டவர் வயசு இல்ல. பெயின்ட் மிச்சம்.

எப்படித் தெரியுமா? ... நான் போட்டிருக்கேன், மாப்பிள்ளை! இந்தக் கையால! நடுவுல ஒரு மர முளை, அதுல கயிறு, கயித்து நுனியில சாக்பீஸ். இரும்பு பக்கத்துல இருந்தா திசைகாட்டி கெட்டுப்போகும்னு ஒதுக்குப்புறமா எடம் பாத்து, எங்க பாக்கெட்ல இருந்த சாவியைக்கூட வாங்கி வச்சுட்டாங்க. கொளுத்தற வெயில்ல நாலு நாள் சுத்திச் சுத்தி முட்டி போட்டேன். அந்த வட்டத்துல இருக்கற ஒரே பக்தி என் முட்டிதான்.

... ஏணியா? எந்த ஏணி? ... ஓ, அந்தக் கோடுங்க. பெருசுலேர்ந்து சின்னதா வரிசையா இருக்கே, அதை யாக்கோபின் ஏணின்னு சொன்னீங்க. தூதர்கள் ஏறி எறங்கறாங்கன்னு அம்புக்குறி வேற போட்டீங்க... கண் டாக்டர்கிட்ட போனா சுவத்துல பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு அட்டை மாட்டியிருப்பாங்கல்ல? அது மாதிரி இது மேல பறக்கற கேமராவுக்குக் கண் பரிசோதனை. எவ்வளவு சின்னக் கோடு வரைக்கும் தெரியுதுன்னு பாக்கறது... ஆமா. தூதர் வந்தா அவருக்கும் கண்ணைப் பாத்துக்கலாம், தடை இல்ல.

அது எந்த நாடு... ஏய், பேரைச் சொல்லாதீங்க! போன்ல சொல்லாதீங்க! ... வீடியோவுலயே சொல்லியாச்சா. கர்த்தரே.

அதுவும் போதாதுன்னு அடுத்த சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டுல சாப்பாட்டுக் கடை மாடியில ரூம் எடுத்து விளக்கக் கூட்டமாம். நோட்டீஸ் பார்த்தேன். 'நேரில் கண்ட சாட்சியின் குடும்பத்தார் பேசுகிறார்.' யாரு அந்தக் குடும்பத்தார்? ... நீங்களா. நாங்க மூணு தலைமுறையா சேர்த்த பேரு, நீங்க ஒரு மாடிப்படி ஏறி வித்துட்டு வந்துடுவீங்க... லட்டு குடுப்பீங்களா? லட்டு வேறயா!

சரி, நான் சொல்றதை இப்ப நீங்க செய்யறீங்க. ஒண்ணு, அந்த வீடியோவை எடுத்துடுங்க. இப்பவே. நான் லைன்ல இருக்கேன்... என்ன? ... என்னது, இல்லையா? ... எடுத்தாச்சா? எப்போ? ... காலையில ஒம்பது மணிக்கா? ரூமையும் கேன்சல் பண்ணியாச்சா?

... அப்ப ஏன்யா சொல்லல? ... நான் பேசவே விடலையா.

ம்.

ம், சரி... சரி. பெரிய மனுஷன் பேசும்போது குறுக்க பேசாம இருந்தீங்க. அது ஒரு மரியாதைதான். ஆனா பதினெட்டு நிமிஷமா என்னை வட்டத்துக்கு விளக்கம் சொல்ல வச்சு வேடிக்கை பார்த்திருக்கீங்க.

எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. ஆயிரம் பேரு போன்ல ஏறியாச்சு. ஆபீசருங்க கேக்கறது வீடியோ இல்ல. படம் யாரு குடுத்தான்னுதான் கேக்கறாங்க. டாரியஸ் சொல்றான், 'ரெனீ ஒருத்திக்குத்தான் அனுப்பினேன்'னு. அந்தம்மா என்ன சொல்றாங்க தெரியுமா? 'உங்க பொண்ணுக்கு ஒரு படத்தைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல, என் பையனை எப்படி வச்சுக்குவா'ன்னு. என் பொண்ணை! நான் வளத்த பொண்ணை!

நானும் விடல. காலையில ரெனீயை முன்னால நிக்க வச்சு உங்களைச் சொல்லிக் கேட்டேன், 'நீதான் ரோனி மாமாவுக்குக் குடுத்தியா?'ன்னு. வாயைத் திறக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா. எனக்கு இன்னும் ஆத்திரம். 'மானத்தை வாங்கிட்டியே'ன்னு கத்திட்டேன். அப்படியே பையை எடுத்துக்கிட்டு, டைலர்கிட்ட ஜாக்கெட் வாங்கப் போறேன்னு தேக்காவுக்குப் போயிட்டா.

அதனால ரெண்டாவது. நீங்க இன்னைக்கு நாலு மணிக்குச் செங்காங் வர்றீங்க. அந்தம்மா முன்னால நின்னு, 'ரெனீ போன்லேர்ந்து நான்தான் அவளுக்குத் தெரியாம எடுத்தேன்'னு உண்மையைச் சொல்றீங்க... என்ன இல்ல? ... எடுக்கலையா? பின்ன, வட்டத்துலேர்ந்து தூதர் வந்து குடுத்துட்டுப் போனாரா? ... யாரு அனுப்பினா?

... நானா?

மாப்பிள்ளை, வார்த்தையை அளந்து பேசுங்க. நானா? முப்பத்தாறு வருஷம் வாயைக் கட்டினவனைப் பார்த்து... எதுல? ... மூத்தோர் ஜெபக் குழு வாட்ஸ்அப்புலயா? அதுல நான் காலை வணக்கம் தவிர எதுவும் போடறதில்ல... ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாய்க்கிழமையா? ... இருங்க. கண்ணாடி எங்க... ஸ்பீக்கர்ல போடறேன். இருங்க.

...

ரோஜாப்பூ... ரோஜாப்பூ... அன்னை மரியா... ரமணன் அனுப்பின மூட்டு வலித் தைலம்... இவ்வளவு தைலமா அனுப்புவான்... ரோஜாப்பூ...

...

ம்.

இருக்கேன். இருக்கேன், லைன்லதான் இருக்கேன்.

'எங்கள் வீட்டு மருமகன் டாரியஸ். கடல் கடந்து நாட்டுக்காக.' கொடி ஒண்ணு. கைகூப்பின படம் ரெண்டு. அனுப்பினது... நான்தான் போட்டிருக்கேன். பதினேழு பேரு கட்டைவிரல் காட்டியிருக்காங்க. நீங்க பதினெட்டாவது.

...

ரெனீதான் காட்டினா. 'எனக்கு அனுப்பும்மா'ன்னு கேட்டேன். 'உங்களுக்கு மட்டும்பா'ன்னு சொன்னா. சொன்னா, மாப்பிள்ளை. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் இருக்கு. அவன் அந்த யூனிஃபார்ம்ல நின்ன நிப்பைப் பார்த்தேனா... குழுவுல எல்லாரும் அவங்கவங்க மருமகனைப் போடறாங்க. ஒருத்தன் பேங்க்கு, ஒருத்தன் டென்டிஸ்ட். நான் மட்டும் எத்தனை நாளைக்கு ரோஜாப்பூ போடறது?

பின்னால இருந்த வட்டத்தை நான் கவனிக்கவே இல்ல. என் கையால போட்டது மாதிரியே வட்டம். கண்ணுக்குத் தெரியல. மருமகன்தான் தெரிஞ்சான்.

... இல்ல, அழல. மூக்கு அடைச்சிருக்கு.

காலையில அவ வாயைத் திறக்காம நின்னா பாருங்க. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. 'நீங்கதானேப்பா போட்டீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நான் மானம் போச்சுன்னு அவளைப் பார்த்துக் கத்தறேன், அவ நின்னு கேட்டுக்கிட்டிருக்கா...

என்ன? ... என்ன சொல்றீங்க? ... நீங்க சொல்றீங்களா? 'ரெனீக்குத் தெரியாம நான்தான் எடுத்தேன்'னு அந்தம்மா முன்னால நீங்களே சொல்லிடறீங்களா?

...

ஏன்? ... உங்களை ஏற்கனவே எல்லாரும் கோமாளின்னுதான் நெனக்கறாங்களா? ... அப்படியெல்லாம் யாரும்... நான் சொல்லியிருக்கேன். ஆமா. பல தடவை சொல்லியிருக்கேன்.

...

அப்படிச் சொன்னா நம்புவாங்களா அந்தம்மா? ... ம். நம்புவாங்க. உடனே நம்புவாங்க. நாளைக்கு ஓலை வாசிச்சுடுவாங்க. நானும் முன் வரிசையில உக்காந்துக்கலாம்.

...

வேணாம், ரோனி.

வேணாம். நீ சொன்னதே போதும்... ம்? ஆமா, 'நீ'ன்னுதான் சொன்னேன். இப்ப மரியாதை கொறைஞ்சு சொல்லல... விடுங்க. நாலு மணிக்குச் செங்காங் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கீழ வந்து நில்லுங்க. பேசறது நான். நீங்க பக்கத்துல நின்னா போதும். வாயைத் திறக்க வேணாம். குறிப்பா நம்பரைப் பத்தி. பதினெட்டு என்னன்னு கண்டுபிடிச்சிருந்தாலும் அங்க சொல்லாதீங்க.

இருங்க, இன்னொரு போன் வருது... சம்பந்தியம்மா. சம்பந்தியம்மாதான் கூப்பிடறாங்க. மணி ரெண்டுகூட ஆகல... வைக்கிறேன். நாலு மணி. வெள்ளைச் சட்டை போடுங்க. வைக்கிறேன்...

ஹலோ... வணக்கம். சிலுவைராஜ்தான் பேசறேன். நானே உங்களுக்குப் போன்... என்ன? ... ரெனீயா? ரெனீ தேக்காவுல டைலர்கிட்ட... உங்க வீட்டுலயா? எப்போ வந்தா? ... என்ன சொன்னா?

... தான்தான் அனுப்பினேன்னா? எழுதியும் குடுத்துட்டாளா? திங்கட்கிழமைக்கா?

... ஆமாங்க. நல்ல பொண்ணுதான். தப்பை ஒத்துக்கறா, மன்னிக்கலாம்னு சொல்றீங்க. உங்க பெரிய மனசு. ஆனா அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்க, சம்பந்தியம்மா... கிழிச்சுடுங்க. அவ சொல்றது பொய். அவ குடுத்தது அப்பனுக்கு மட்டும்.

... இல்ல, போனை அவகிட்ட குடுக்காதீங்க. அவ அழுது என்னை நிறுத்திடுவா. வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க? ... டாரியஸ் இருக்கானா? சித்தப்பா, சித்தி எல்லாரும் வந்திருக்காங்களா? ... நல்லதாப் போச்சு. ஸ்பீக்கர்ல போடுங்க. நேர்ல நாலு மணிக்கும் வந்து சொல்றேன், இப்பவும் சொல்லிடறேன்.

... போட்டாச்சா? எல்லாருக்கும் கேக்குதா?

நான் ரெனீயோட அப்பா பேசறேன். டாரியஸ், பேனாவை எடுத்துக்கோப்பா. சிலுவைராஜ்னு எழுது.